கனல்குமார் வராத கனல்குமார் படம்

பார்க்காத படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதுவும் ஒரு திறமைதான். நான் அந்த ரகம் கிடையாது. முழுப் படத்தையும் கண் கொட்டாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். என்ன, எழுத வேண்டிய படம் ஒன்று, உட்கார்ந்து பார்த்த படம் இன்னொன்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது எனக்கு அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதற்கு மாதாமாதம் சம்பளம். (இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உபயோகப்படும்.) வேலைதான் அங்கே, உயிர் முழுக்கச் சினிமாவில். ஞாயிற்றுக்கிழமை காலையானால் ஆவடியில் ஒரு பழைய தியேட்டரில் அந்தக் காலத்துப் படங்களைத் திரும்பப் போடுவார்கள். ஒன்று விடாமல் போய்விடுவேன். திங்கட்கிழமை ஆபீஸ் வேனில் அந்தப் படத்தின் ஒளி, நிழல், மௌனம் எல்லாவற்றையும் விளக்கி, பக்கத்தில் இருப்பவர்கள் யாரையும் தூங்க விட மாட்டேன். ஃபேஸ்புக்கிலும் எழுதுவேன். லைக் போடுகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்.

அந்த எழுத்தைப் பார்த்து ஒரு இணைய இதழின் ஆசிரியர் எனக்கு போன் செய்தார். வருகிற வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு ஒரு விமர்சனம் எழுதிப் பாருங்கள், மத்தியானம் மூன்று மணிக்குள் வந்துவிட வேண்டும், சரியாக அமைந்தால் இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் பத்திதான், மேலே பெயரும் போட்டோவும் போடுவோம் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விமர்சனம் எழுதுவதற்கு முன்பே போட்டோவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்ப்பது போல ஒன்று. ஊரே என் பேரைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

படம், கனல்குமார் நடித்த ‘வந்துட்டான் வீரபத்ரன்’. கனல்குமார் ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்தவர். அப்புறம் மார்க்கெட் இறங்கி, ரொம்ப நாள் ஆளையே காணாமல், இந்தப் படத்தில்தான் திரும்பி வருகிறார். இந்தச் செய்தியை வீட்டில் வாய் தவறிச் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு.

என் அம்மா கனல்குமார் வெறிபிடித்தவள். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். சட்டையில் ஒரு தையல் விட்டுப்போனாலும் தூக்கித் திருப்பிப் போட்டுவிடுவாள். (ஆக, அன்றைக்குத் தியேட்டருக்குப் போனது தப்புக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் இரண்டு பேர். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.) கனல்குமார் படம் ரிலீஸ் ஆனால் முதல் நாளே கூட்டிப்போக வேண்டும் என்று அப்பாவிடம் கண்டிஷன் போட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டியவள் அவள். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் விசிலடித்தால் எங்கள் திருவேற்காடு ஃபிளாட்டில் நாலு வீட்டுக் கதவு திறக்கும். நான் ஆபீஸில் தலைவலி என்றேன். அவள் கம்பெனியில் காய்ச்சல் என்றாள். இரண்டு நோயாளிகளும் ஷேர் ஆட்டோ ஏறினோம்.

தியேட்டர் வேலப்பன்சாவடி தாண்டி, ஹைவே ஓரத்தில். மூன்று ஸ்கிரீன் இருக்கிற புது காம்ப்ளக்ஸ். ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்ததால் போய்ச் சேரும்போதே நேரமாகிவிட்டது. ஓடிப் போய் வாசலில் நின்றால், பை சோதனை. அங்கேதான் அம்மாவின் கைப்பையிலிருந்து புளியோதரை டப்பா வெளியே வந்தது. வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று செக்யூரிட்டி அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலு எட்டு தள்ளிப் போனதும் காதருகில் வந்து, அது சும்மா கண்ணுக்குக் காட்டுறதுக்கு வச்ச டப்பா, பெரிய டப்பா முந்தானைக்குள்ள கீது என்றாள்.

எங்கள் டிக்கெட் இரண்டாவது ஸ்கிரீனுக்கு. அந்தக் கதவுக்கு வெளியில் டிக்கெட் கிழிக்கிற ஒருவர் நின்றிருந்தார். அவர் மூக்கில் புளியோதரை வாசனை ஏறிவிடும் என்று அம்மா பயந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் புகுந்துவிட்டாள். கனல்குமாரைப் பார்க்கும் ஆசையைவிடப் புளியோதரையைக் காப்பாற்றும் ஆசை அந்த நிமிஷம் பெரிதாக இருந்தது. படம் போடுகிற சத்தம் கேட்டபின் எட்டிப் பார்த்தோம். வராந்தா இருட்டு. எதிரில் ஒரு கதவு திறந்திருந்தது, கதவில் ஆள் இல்லை. இரண்டு பேரும் குனிந்துகொண்டே உள்ளே ஓடினோம்.

அது மூன்றாவது ஸ்கிரீன்.

உள்ளே படத்தின் பெயரோடு வரும் சென்சார் சர்டிஃபிகேட் சமாச்சாரம் எல்லாம் முடிந்து கதை ஓட ஆரம்பித்திருந்தது. இந்தக் காலத்துப் படங்களில் டைட்டிலை எங்கே போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் டைட்டில் வராததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தியேட்டரில் ஆளே இல்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று தலை தெரிந்தது. எங்களுக்குப் பின் வரிசையில் ஒரு ஒல்லிப் பையன் முகத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். பாவம், மார்க்கெட் இவ்வளவா இறங்கிவிட்டது என்று கனல்குமாருக்காக மனசுக்குள் உச்சுக் கொட்டிக்கொண்டேன்.

கதை இதுதான். ஒரு பழைய அடுக்குமாடி வீடு. நாலாவது மாடியில் ஒரு பெண். அவள் புருஷன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவன், போன் வருவது நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர் ஆகிறது. லிஃப்ட் நாலாவது மாடியில் வந்து நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். லிஃப்ட் கதவு மெதுவாகத் திறக்கும். கேமரா கீழேயிருந்து பார்க்கும். பின்னணி இசை எழும்பும்.

சொல்லுங்கள், தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது எதற்கான இடம் என்று தெரியாதா? அம்மா இரண்டு விரலையும் வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் விட்டாள். லிஃப்டிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் இறங்கினார்.

அடுத்த முறை கதவு திறந்தது. விசில். பக்கத்து வீட்டு மாமி. அடுத்த முறை. விசில். ஒரு நாய். இப்படியே போனது. ஆனால் அம்மாவின் நம்பிக்கை இம்மியும் குறையவில்லை.

“வருவாரு பாரு” என்றாள். “இண்டர்வெல்லு பிளாக்குல வுடுவான்.”

நான் அதைவிட மோசம். எனக்குள் இருந்த அறிவாளி விழித்துக்கொண்டு விட்டாள். இது சாதாரணப் படமில்லை, ஹீரோ எண்ட்ரி என்கிற வழக்கத்தையே உடைக்கிறார் இயக்குநர் என்று அம்மாவிடம் கிசுகிசுப்பாக வகுப்பெடுத்தேன். போஸ்டரில் கனல்குமார் கையில் கோடாலி இருந்ததே, இங்கே ஒரு ஸ்பேனரைத் தவிர ஆயுதமே இல்லையே என்று லேசாக உறுத்தியது. அதற்கும் ஒரு தத்துவம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

இடையில் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் விசிலும் கூச்சலும் அதிர்ந்தன. அங்க இன்னாடி அவ்ளோ விசிலு என்று அம்மா கேட்டாள். அது ஏதோ மசாலாப் படம்மா, நீ இதைக் கவனி என்று அடக்கினேன்.

இண்டர்வெல்லிலும் கனல்குமார் வரவில்லை. அம்மா முந்தானைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தாள். பின்னாலிருந்த ஒல்லிப் பையன் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சாப்பிட்டியா நைனா என்று மூடியில் புளியோதரை வைத்து நீட்டினாள். அவன் கூச்சத்தோடு வாங்கினான், பிறகு மூடியை வழித்துச் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் வைத்தாள். அப்படியே கேட்டும் விட்டாள், அவரு எப்பதான் நைனா வருவாரு என்று.

அவன் கண்கள் ஏனோ கலங்கின. “கடைசி வரைக்கும் இருந்து பாருங்கம்மா” என்றான்.

போதாதா? பார்த்தியா, தெரிஞ்ச பையன் சொல்றான், கிளைமாக்ஸுல வராரு என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாம் பாதியில் அவளுக்கு இன்னொரு சந்தேகம் கிளம்பியது. கீழே வாட்ச்மேனாக ஒரு தாடிக்காரர் வருவார். அது அவருதாண்டி, மேக்கப் போட்டுகினு கீறாரு, நடையைப் பார்த்தா தெரியல என்றாள். நானும் உற்றுப் பார்த்தேன். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

கடைசிக் காட்சி. லிஃப்ட் வருகிறது. அந்தப் பெண் இந்த முறை கதவைத் திறக்கவில்லை. உள்ளே அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள், லேசாகச் சிரிக்கிறாள். லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே யாரும் இல்லை. அவ்வளவுதான் படம். அம்மா விரலை வாயில் வைத்தவள் அப்படியே இருந்தாள். நான் அவள் முந்தானையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதுமட்டும் நிஜம். ஆனால் மூன்று மணிக் கெடு இருந்ததே, குனிந்து மொபைலில் தட்ட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் திரையில் டைட்டில் போட்டார்கள். வேற என்னமோ பேரு போடுறான்டி என்று அம்மா என் தோளைத் தட்டினாள். என்னைத் தொந்தரவு பண்ணாதே என்று கையைத் தள்ளிவிட்டேன்.

வெளியே வந்தபோது பக்கத்து ஸ்கிரீனிலிருந்து தலையெல்லாம் காகிதத் துண்டுகளோடு ஒரு கூட்டம் ஆடிக்கொண்டே போனது. பரவாயில்லை, பக்கத்தில் ஏதோ நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விமர்சனத்தை ஷேர் ஆட்டோவிலேயே முடித்து அனுப்பினேன். ‘கனல்குமார் வராத கனல்குமார் படம்’ என்று தலைப்பு. தன்னைத் திரையில் காட்டாமலே ஒரு படத்தைத் தாங்குகிற துணிச்சல் எந்த நட்சத்திரத்துக்கு உண்டு என்று கேட்டிருந்தேன். நாம் காத்திருக்கும் ஆள் வர மாட்டார் என்பதைப் புரிந்துகொள்வதுதான் இந்தப் படம், அந்தப் பெண் தோசை ஊற்றும்போது நம்மையும் விடுதலை செய்கிறாள் என்று முடித்திருந்தேன். தாடிக்காரர் வேஷத்தில் அவர் ஒளிந்திருக்கலாம் என்று அம்மாவின் கண்டுபிடிப்பையும் சேர்த்திருந்தேன்.

நேரம் குறைவு என்பதால் ஆசிரியரும் படித்துப் பார்க்காமல் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடிப்பதற்குள் நான் பிரபலமாகிவிட்டேன். கனல்குமார் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து என் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடையில கண்ணாடி வாங்கின என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டிருந்தார். அப்புறம் ஆசிரியரின் போன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“விஜி, கனல்குமாருக்கு அந்தப் படத்துல மூணு வேஷம்” என்றார். “மூணுல ஒருத்தர்கூடவா உங்க கண்ணுல படல?”

டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ஸ்கிரீன் இரண்டு. பாத்ரூமுக்கு எதிரில் இருந்த கதவு ஞாபகம் வந்தது, அதன் மேல் இருந்த எண்ணும் ஞாபகம் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள் என் மானம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போ அந்த தாடிக்காரரு யாருடி என்றாள். யாரோ என்றேன். ஐயோ, சொவத்துக்கு அந்தாண்ட மூணு பேரா வந்துகினு இருந்தாரா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் விமர்சனத்தை எடுத்துவிடப் போவதாகவும், வெள்ளிக்கிழமைப் பத்தி பற்றி இனிப் பேச வேண்டாம் என்றும் ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதேன். பேரும் போச்சு, போட்டோவும் போச்சு. ஆனால் அழுது முடித்ததும் அந்தத் தோசை ஊற்றும் காட்சி கண் முன்னால் வந்து நின்றது. பின்னால் ஆளே இல்லாத நாற்காலிகளும். எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. நான் எழுதியதில் பொய் எது? கனல்குமார் வரவில்லை என்பது சத்தியமான உண்மைதானே?

ஆசிரியரைத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்காதீர்கள் சார், படத்தின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள், மேலே நானே ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன் என்றேன். புளியோதரையில் ஆரம்பித்து மூன்றாவது ஸ்கிரீன் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன், மனிதர் சிரிப்பு அடங்காமல் இருமிக்கொண்டிருந்திருக்கிறார். சரி, எழுதி அனுப்புங்கள் என்றார். அன்றிரவே ஏறிய அந்தக் குறிப்பு இப்படி முடிந்தது: ‘கனல்குமார் வராததற்கு அவர் பொறுப்பல்ல, என் அம்மாவின் புளியோதரைதான் பொறுப்பு. ஆனால் தப்பாக நுழைந்து நான் பார்த்த ‘நாலாவது மாடி விளக்கு’ நல்ல படம். நீங்கள் சரியாக நுழைந்து பாருங்கள்.’

மறுநாள் காலை தெரியாத எண்ணிலிருந்து போன். ஒரு ஆண் குரல், மேடம் என்று ஆரம்பித்தது.

“உங்க அம்மா புளியோதரை குடுத்தாங்களே, அந்தப் பையன் நான்தான். அது நான் எடுத்த படம்.”

அவன் பெயர் முருகவேல். பட்டாபிராம் பையன். எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, விட்டு விட்டு இந்தப் படத்தை எடுத்திருக்கிறான். நாங்கள் போன அன்று காலையில்தான் தியேட்டரில் சொல்லிவிட்டார்களாம், ஆள் வரவில்லை என்றால் திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிடுவோம் என்று. சாப்பிடப் பிடிக்காமல் தன் படத்தைத் தானே பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறான். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் முன் வரிசையில் ஒரு அம்மா விசிலடிப்பதைக் கேட்டதும் அவனுக்கு ஒன்றும் புரியவில்லையாம். அப்புறம், அந்தப் பெண்ணின் புருஷனுக்காக இந்த அம்மா இவ்வளவு ஆசையாகக் காத்திருக்கிறார்களே என்று அழுகை வந்துவிட்டதாம். இப்ப விஷயம் தெரிஞ்சுபோச்சு, பரவால்ல மேடம், நேத்து நான் சாப்பிட்டது அது ஒண்ணுதான் என்றான்.

சனிக்கிழமை மாலைக் காட்சிக்குக் கூட்டம் வந்தது. என்னைக் கேலி செய்யத்தான் முதலில் வந்தார்கள். கனல்குமார் ரசிகர்களே ஒரு படை திரட்டி வந்து, லிஃப்ட் கதவு திறந்ததும் விசிலடித்து, தண்ணீர் கேன்காரருக்குக் காகிதம் தூவினார்கள். இரண்டாம் பாதியில் விசில் குறைந்தது. கடைசியில் அந்தத் தோசை வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கைத்தட்டல் எழுந்தது, ஓயவே இல்லை. முருகவேல் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை வந்தது, படத்தை யாரும் தூக்கவில்லை. இரண்டாவது ஸ்கிரீனும் அதற்கே கொடுக்கப்பட்டது. (வீரபத்ரன் அதற்குள் வந்த வழியே போய்விட்டான். நான் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்துவிட்டாள். மூணு பேரும் நல்லா பண்ணிகீறாங்க என்றாள்.)

வெள்ளிக்கிழமைப் பத்தி எனக்கே கிடைத்தது. கன்னத்தில் கை வைத்த போட்டோவோடு இன்றும் வருகிறது. ஆவடி பழைய தியேட்டரில் வருஷத்துக்கு ஒருமுறை ‘நாலாவது மாடி விளக்கு’ போடுகிறார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் மொத்தத் தியேட்டரும் விசிலடித்து, வருவாரு பாரு என்று ஒரே குரலில் கத்தும். அந்தத் தோசையின்போது மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அது சட்டம். எங்கள் வீட்டிலோ இது அன்றாடப் பாஷையாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் தாமதமா, தண்ணி லாரி வரவில்லையா, தம்பிக்கு வேலை உத்தரவு இழுக்கிறதா, எல்லாவற்றுக்கும் அம்மா சொல்லும் பதில் அந்த இரண்டு வார்த்தைதான்.

போன பொங்கலுக்கு முருகவேலின் அடுத்த படம் வந்தது. அதே காம்ப்ளக்ஸ், முதல் நாள், நானும் அம்மாவும். அதே செக்யூரிட்டி அம்மா எங்கள் பையைத் திறந்து பார்க்காமலே சிரித்துக்கொண்டு உள்ளே அனுப்பினார். நான் ஸ்கிரீன் எண்ணை டிக்கெட்டில் பார்த்து, கதவின் மேல் பார்த்து, நிற்கிறவரிடம் கேட்டு, உள்ளே போனபின் பக்கத்து சீட்டுக்காரரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். முருகவேல் எங்களுக்குப் பின் வரிசையில்தான் உட்கார்ந்தான், ஆனால் கதையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

படத்தின் கடைசிக் காட்சி. ஒரு பழைய அடுக்குமாடி வீடு. லிஃப்ட் வந்து நாலாவது மாடியில் நிற்கிறது. தியேட்டரில் எல்லோரும் விரலை வாயில் வைத்துத் தயாரானார்கள், இது முருகவேல் நமக்காக வைத்த கேலி என்று எல்லோருக்கும் தெரியும். கதவு மெதுவாகத் திறந்தது. உள்ளே, நரைத்த தலையோடு, கையில் ஒரு சின்னப் பெட்டியோடு, கனல்குமார் நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் அங்கே எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. கூரை தாங்கியதே அதிசயம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எழாமல் இருந்தது அம்மா ஒருத்திதான். இரண்டு விரலும் வாயில்தான் இருந்தன, விசில் வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“சொன்னேன் இல்லடி” என்றாள், “வருவாருன்னு.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட்டை எடுத்து, ஸ்கிரீன் எண்ணை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.